பள்ளத்தில் கொட்டிய மண்

சோளக்காட்டில் கொடி நட்டபோது நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் அந்தக் கொடிகள்தான் கண்ணில் படும். நூலில் கட்டிய மஞ்சள் சிவப்புக் காகிதங்கள், வெள்ளையடித்த சிமெண்ட் கற்கள், ரோட்டோரம் ஒரு வளைவு, அதில் ஏதோ ஒரு சாமியின் பெயரோடு 'நகர்' என்று ஒரு பலகை. காட்டுக்காரர் விற்றார், மனை பிரித்துச் சைட்டுப் போட்டு விற்கிறவர் வாங்கினார். அதில் எங்களுக்கு என்ன வந்தது? சனம் கூடினால் என் மாவு மில்லுக்கு இன்னும் நாலு பேர் வருவார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. என் கணவர் மோட்டார் பம்பு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனார். மில் என் பொறுப்பு. ராகி, கோதுமை, மிளகாய், மாட்டுக்கு மக்காச்சோளம் என்று எதுவானாலும் அரைப்பேன். பெல்ட்டு ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரலே கட்டைக் குரலாகிவிட்டது. வீதியில் எது நடந்தாலும் முதலில் என் மில்லுக்குத்தான் தெரியவரும். பள்ளத்தில் மண் கொட்டுகிறார்கள் என்ற சேதியும் அப்படித்தான் வந்தது. கொண்டுவந்தது, எருமை வைத்துப் பால் ஊற்றுகிற பால்கார அம்மா.

"ஏனுங்க அம்மணி, மில்ல நிறுத்துங்க. பள்ளத்துல லாரி லாரியா மண்ணக் கொட்டறாங்க. நீங்க இங்க சோளத்தக் கொட்டிட்டு நிக்கறீங்க."

மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடையை எங்கள் பக்கத்தில் பள்ளம் என்போம். எங்கள் பள்ளம் மேற்கே மலையடிவாரத்திலிருந்து இறங்கி வந்து, எங்கள் வீதியின் தலைமாட்டில் வளைந்து திரும்பி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து போகும். வருஷத்தில் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். எருக்கு முளைத்திருக்கும், ஆடு மேயும், உண்மையைச் சொன்னால் நாங்களே குப்பையும் கொட்டுவோம். அழகான ஓடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஐப்பசியில் மலைமேல் மழை பிடித்துவிட்டால், எங்கள் வீதியில் ஒரு சொட்டு விழாவிட்டாலும், பள்ளம் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு வரும். அந்த வளைவில்தான் மண் விழுந்துகொண்டிருந்தது. வளைவை அடைத்தால் தண்ணீர் திரும்ப வழியில்லை. நேராக எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

மில்லை நிறுத்திவிட்டு, முந்தானையில் மாவைத் துடைத்துக்கொண்டு போனேன். வீதிக்கோடியில் மெத்தைக்கடை வைத்திருந்த பாயும் வந்தார். உக்கடத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். வீதியிலேயே தாழ்வான வீடு அவருடையது. முன்பு ஒரு மழையில் தண்ணீர் வீதிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதற்கே அவர் கடைப் பஞ்சில் பாதி நாறிப்போனது.

சைட்டுக்காரர் தன் வெள்ளை மாருதி வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வேட்டியும் வெள்ளை, சட்டையும் வெள்ளை. எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாங்கம்மணி, வாங்க பாய். வெயில்ல வந்திருக்கறீங்களே. இளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

"இளநி வேண்டாமுங்க" என்றேன். "பள்ளத்துல எதுக்குங்க மண்ணு?"

"இதுல எந்தக் காலத்துலீங்க தண்ணி வந்துச்சு? சும்மா குழிங்க இது. அடியில ஒரு சிமெண்ட் குழாய் போட்டு மூடிப்போடறனுங்க. மேல சைட்டு, கீழ தண்ணி. உங்களுக்கும் கொசுத் தொல்லை தீந்துபோயிருமுங்க."

"குழாய் எத்தன அகலமுங்க?" என்று பாய் கேட்டார்.

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு பெரிய அண்டாவின் வாயளவுதான் இருந்தது.

"பாலத்துக்கு அடியில என்ற மெத்தை வண்டியே போகுமுங்க" என்றார் பாய். "அத்தனையும் ரொப்பிக்கிட்டு வர்ற தண்ணி இந்தக் குழாய்ல எப்படிங்க போகும்?"

"நீங்க ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க பாய். எல்லாம் இஞ்சினீரு பாத்துப்போட்டாருங்க."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஏதோ உறவினர்கள் நலம் விசாரிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் சண்டையையும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆறவேயில்லை. எங்கள் வாசலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு எங்களுக்கே இளநீர் வெட்டுகிறேன் என்கிறாரே என்று.

மனு கொடுத்தோம். உள்ளூர் ஆபீஸில் கொடுத்தோம், கோயமுத்தூரில் பெரிய ஆபீஸுக்கும் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று கொடுத்தோம். பெரிய ஆபீஸில் வாங்கிக்கொண்டு, விசாரிக்கச் சொல்லி உள்ளூர் ஆபீஸுக்கே அனுப்பிவைத்தார்கள். உள்ளூர் ஆபீஸில், "அதுதான் பெரிய ஆபீஸ்ல குடுத்துட்டீங்களே, இனி அவங்க பாத்துக்குவாங்க" என்றார்கள். பால்கார அம்மா மூன்றாம் தடவை பஸ் ஏற மறுத்துவிட்டார். "நான் போய் நிக்கற நேரத்துக்கு என்ற எருமை நாலு பேருக்குப் பால் குடுக்கும். நடக்கற காரியத்தப் பாப்போமுங்க" என்றார். லாரியை மறிப்பது என்று அன்றைக்கு என் மில்லில் நின்றுதான் முடிவு செய்தோம்.

அதற்கு முன்னால் என் தங்கை வந்துவிட்டாள்.

அவள் கணபதியில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். அவள் கணவருக்கு லேத்துப் பட்டறையில் வேலை. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"லாரிய மறிக்கப் போறது நீதானாக்கா?"

"ஆமா. உனக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பள்ளத்து வரிசையில எங்க சைட்டும் இருக்குது. மாசா மாசம் கட்டிக்கிட்டு வர்றோம்."

எனக்கு அது தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். மேட்டுச் சைட்டெல்லாம் அவர்கள் கைக்கு எட்டாத விலை. பள்ளத்தை மூடிப் போட்ட வரிசைதான் மலிவு. அதைத்தான் அவளைப் போன்றவர்களுக்கு விற்றிருந்தார்கள்.

"அது தண்ணி வர்ற தடம் கண்ணு" என்றேன். "நீயும் இந்தப் பக்கம் வந்து போனவதான். பள்ளம் வந்து பாத்திருக்கறியே."

"உனக்குச் சொல்றதுக்கென்ன, உனக்கு ஊடு இருக்குது. கதவச் சாத்துனா உன்ற ஊடு. எனக்கு? தண்ணி மோட்டாரப் போடச் சொல்லி ஊட்டுக்காரம்மாகிட்டக் கெஞ்சோணும். சொந்தம் ஒறம்பரைன்னு யாராச்சும் வந்தா அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. எனக்குன்னு ஒரு செவுத்துல நான் ஒரு ஆணி அடிக்க வேண்டாமா?"

"ஆணி அடி. வேண்டாங்கல. அந்தச் செவுரு தண்ணியில நிக்க வேண்டாங்கறேன். மேட்டுல குடுன்னு அந்தாளக் கேளு."

"கேட்டாக் குடுத்துருவாரா? நீ உன்ற வாசலக் காப்பாத்திக்கோ. நான் எங்கியோ கெடந்துக்கறேன்."

காபியைத் தொடாமல் போய்விட்டாள். அவள் சொன்னதில் பாதி நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அத்தனை வலித்தது. ஆனால் மில்லைப் போட்டுவிட்டு நின்றபோது கோபம்தான் மேலே வந்தது. தண்ணீரை எங்களுக்குத் தள்ளிவிட்டு, தண்ணீர் வரும் இடத்தை இல்லாதவர்களுக்கு விற்று, அக்காளையும் தங்கையையும் மோதவிட்டு, அந்த மனுஷன் வேனுக்குப் பக்கத்தில் வெயில் படாமல் நிற்கிறார். இனி விடக் கூடாது என்று அப்போதுதான் உறுதியாக நினைத்தேன்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வீதிப் பெண்கள் எல்லோரும் லாரி வரும் தடத்தில் போய் உட்கார்ந்தோம். சும்மா உட்கார யாருக்கும் நேரமில்லை. அவரவர் வேலையோடுதான் போனோம். ஒருவர் சின்ன வெங்காயம் உரித்தார். பாயின் மனைவி மெத்தை உறையைக் கொண்டுவந்து தைத்தார். முதல் லாரி எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், பிறகு இறங்கி வந்தார். பெருந்துறைப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க, நான் கொட்டாமப் போனா ஓனரு என்னைத்தானுங்க திட்டுவாரு."

"திட்டுனா எங்களக் காட்டியுடுங்க" என்றார் பால்கார அம்மா. "இங்க வந்து திட்டச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போகலீங்க."

அன்றைக்கு லாரிகள் திரும்பிப் போயின. அடுத்தடுத்த நாட்களிலும் போயின. ஆனால் நாங்கள் எல்லா நேரமும் உட்கார்ந்திருக்க முடியுமா? சமைக்கிற நேரம், குழாயில் நல்ல தண்ணீர் வரும் நேரம், சொந்தத்தில் கல்யாணம் வந்த நாள் என்று பார்த்துப் பார்த்துக் கொட்டினார்கள். புரட்டாசி முடிவதற்குள் வளைவு முக்கால்வாசி மேடாகிவிட்டது. அதன் மேலேயும் வெள்ளைக் கல் நட்டு, கொடியும் கட்டிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சைட்டுக்காரர் என் மில்லுக்கே வந்தார். என் கணவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். என் கணவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு பெல்ட்டுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நமக்குள்ள எதுக்குங்க வருத்தம்?" என்றார் வந்தவர். "உங்களுக்குன்னு ஒரு கார்னர் சைட்டு ஒதுக்கி வெச்சிருக்கறனுங்க. அம்மணிய மட்டும் கொஞ்சம் ஊட்டு வேலையப் பாக்கச் சொன்னீங்கன்னாப் போதும்."

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கார்னர் சைட்டு பள்ளத்துலீங்களா, மேட்டுலீங்களா?"

"உங்களுக்குப் போயிப் பள்ளத்துல குடுப்பனுங்களா? மேட்டுலதானுங்க!"

"அப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருக்குதுங்க" என்றார் என் கணவர்.

அதைக் கேட்ட பிறகுதான் வந்தவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. முகம் மாறியது. என் கணவர் பெல்ட்டை மாட்டிவிட்டு என்னிடம், "அந்த மிளகாயப் போடு, குடுத்தவங்க வாங்கறதுக்கு வந்துருவாங்க" என்றார். நான் மிளகாயைக் கொட்டி மோட்டாரைப் போட்டேன். எங்களுக்கு அந்த நெடி பழக்கம். சைட்டுக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வேனுக்குள் ஏறியும் தும்மல் நிற்கவில்லை. வீதியே பார்த்துச் சிரித்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் கணவரை நான் அவ்வளவு பிரியமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடிந்ததிலிருந்து மலை தெரியவில்லை. மேற்கே கருத்துக் கிடந்தது. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். காலைச் சமையல் முடியும் நேரத்தில் அந்த இரைச்சல் கேட்டது. பள்ளம் வரும் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அது வழக்கமாகக் கேட்கும் திசையிலிருந்து வரவில்லை. கதவைத் திறந்தால் வீதியில் செந்நீர். வளைவில் கொட்டிய மண்ணில் மோதி, அந்த அண்டாவாய்க் குழாய் செத்தை அடைத்து நிற்க, தண்ணீர் எங்கள் வீதியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தவிடு மூட்டைகள் முதலில் மிதந்தன. மோட்டாரைக் கழற்ற எனக்குத் தெரியும், ஆனால் தூக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வந்து பிடித்தார்கள். கட்டில் மேல் ஏற்றினோம். அதற்குள் வீதிக்கோடியில் பாயின் குரல் கேட்டது. பஞ்சு மூட்டைகளை அவர் வீட்டாரோடு சேர்ந்து எல்லோரும் சுமந்து, மேட்டிலிருந்த சர்ச் ஹாலில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்ச்சுக்குப் பொறுப்பானவர் பெஞ்சுகளை ஒதுக்கி, குழந்தைகளையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது பால்கார அம்மா கடப்பாரையோடு வந்தார். எருமைகளை அவிழ்த்து மேட்டில் விட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகியிருந்தார்.

"சாமானத் தூக்கிக்கிட்டே இருந்தா தண்ணி நிக்குமாங்க? வாங்க, அந்த மண்ண வெட்டிப்போடலாம்."

யாரும் யோசிக்கவில்லை. மண்வெட்டி இருந்தவர்கள் மண்வெட்டியோடும், இல்லாதவர்கள் சிமெண்ட் சட்டியோடும் போனோம். மேட்டுப் பக்கமாகச் சுற்றிப்போய் அந்த மண்ணின் மேல் ஏறினோம். வளைவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் போல வெட்டத் தொடங்கினோம். மண் புதிது, மழையில் ஊறியிருந்தது. ஆனாலும் லாரி ஏறி ஏறி நடுவில் கெட்டிப்பட்டிருந்தது. கடப்பாரையால் பால்கார அம்மாவும் பாயும் குத்தினார்கள், நாங்கள் அள்ளி வீசினோம். மழையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது அப்போது தெரியவேயில்லை.

சைட்டுக்காரரின் சூப்பர்வைசர் அந்தப்பக்கம் குடையோடு ஓடிவந்தார். "ஏனுங்க, என்ன பண்றீங்க? அடுத்தவங்க சொத்துங்க இது! கேசாயிருமுங்க!"

"ஆகட்டுமுங்க!" என்று கத்தினேன். மில்லில் கத்திக் கத்தி உரமேறிய குரல். மழையையும் மீறிப் போயிருக்கும். "உங்க மொதலாளிய வந்து எங்க ஊட்டுக்குள்ள நின்னு பாத்துட்டு அப்பறம் கேசு போடச் சொல்லுங்க!"

முதலில் ஒரு கை அகலத்துக்குத்தான் தண்ணீர் அந்த வெட்டில் நுழைந்தது. அது போகிற வழியில் இரண்டு பக்கமும் மண்ணைக் கரைத்தது. திடீரென்று காலடியில் மண் அசைந்தது. "ஏறுங்க, ஏறுங்க!" என்று பாய் கத்தினார். பால்கார அம்மா சறுக்கிவிட்டார். பாய் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது வளைவில் நட்ட கல்லும் கொடியும் மண்ணும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பள்ளம் தன் தடத்தில் திரும்பிவிட்டது. வீதியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சேறும் சகதியுமாக நின்றோம். யாரோ அழுதார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் வீடு கழுவப் போனோம்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சைட்டுக்காரர் புகார் கொடுத்திருந்தார். ஈரம் காயாத சேலைகளோடு போனோம். இன்ஸ்பெக்டர் பொதுவாகக் கேட்டார்: "யாரு மண்ண வெட்டினது?"

"தண்ணி வெட்டிருச்சுங்க" என்றார் பால்கார அம்மா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

எனக்கு அது பிடிக்கவில்லை. செய்த வேலையைத் தண்ணீருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

"இல்லீங்க சார்" என்றேன். "நாங்கதான் வெட்டுனோம். தண்ணியா வெட்டற வரைக்கும் நாங்க காத்திருந்தா ஊட்டுல செவுரு நின்னிருக்காதுங்க. மறுபடி மண்ணக் கொட்டுனா மறுபடி வெட்டுவோமுங்க. இதையும் எழுதிக்குங்க."

என் உரிந்த கைகளை மேஜை மேல் நீட்டினேன். அவர் அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதத்தான் செய்தார். கேஸ் ஆனது. வேலையைப் போட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் நின்ற நாட்கள் பல. அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

என் தங்கை மழைக்கு மறுநாளே தன் சைட்டைப் பார்க்க வந்திருக்கிறாள். அவள் சைட்டுக்குக் கல் நட்டிருந்த இடத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வராமல், நேராகச் சைட்டுக்காரரின் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாளாம். இதைப் பாய்தான் பின்னால் எனக்குச் சொன்னார். மேட்டில் சைட்டுக் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சைட்டு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "பள்ளத்து வரிசைங்களா? நேத்து அதுல என்ற சைட்டு போயிருச்சுங்க, போய்ப் பாருங்க" என்றிருக்கிறாள். மறுநாளும் டிபன் பாக்ஸோடு போனாள். அதற்கடுத்த நாள் அந்த வரிசையில் சைட்டு எடுத்திருந்த மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் தடத்தில் உட்கார்ந்ததைவிட அது அவருக்கு அதிகமாக வலித்திருக்க வேண்டும். அந்த வரிசை முழுவதையும் கைவிட்டுவிட்டு, அவர்களுக்கெல்லாம் மேட்டில், சோளக்காட்டின் கடைசிப் பக்கத்தில், கொஞ்சம் சிறிதாக என்றாலும் சைட்டுக் கொடுத்தார். வளைவில் மிச்சமிருந்த மண்ணையும் அவரே அள்ளினார். பிறகு எங்கள் மேல் போட்ட கேஸும் சத்தமில்லாமல் முடிந்தது.

தங்கை அந்தச் சைட்டில் வீடு கட்டி, பால் காய்ச்சுவதற்கு என்னைக் கூப்பிட வந்தாள். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபியும் குடித்தாள். நாங்கள் பழையதைப் பேசவில்லை.

பால் காய்ச்சிய அன்று சைட்டுக்காரரும் வந்திருந்தார், அதே வெள்ளை வேட்டியில். பந்தியில் அவருக்கு நான்தான் பரிமாற வேண்டியதாயிற்று.

"அம்மணி, நீங்க மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தீங்கன்னா அந்தப் பள்ளத்துமேல ஒரு வரிசை ஊடே நின்னிருக்குமுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"விட்டுக் குடுக்கறதுக்கு அது எங்களுதும் இல்லீங்க, உங்களுதும் இல்லீங்க" என்றேன். "சாம்பாரு போடட்டுங்களா?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "போடுங்க" என்றார்.

பந்தி முடிந்து பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். தங்கை சட்டென்று சொன்னாள்: "நீ வெட்டலீன்னாலும் நான் அந்தச் சைட்ட மாத்தித்தான் வாங்கியிருப்பேன்."

அது பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "வாங்கியிருப்பே, வாங்கியிருப்பே" என்று சொல்லி, கழுவிய அண்டாவை அவள் பக்கம் நகர்த்தினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி, அவள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம்.